ராவா, ஜேபெக்கா: எல்லையோரக் கல்யாணப் படக்காரருக்கு ஒரு பதில்

புளியரைத் தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது. வேறொருவர் பயன்படுத்திய 24 மெகாபிக்சல் மிரர்லெஸ் கேமரா ஒன்றை வாங்கியிருக்கிறார். செங்கோட்டை, தென்காசி மண்டபங்களுக்கும் மலைக்கு அந்தப்பக்கம் ஆரியங்காவு, புனலூர்க் கல்யாணங்களுக்கும் படமெடுக்கப் போகத் தொடங்கியிருக்கிறார். புனலூரில் மூத்த படக்காரர் ஒருவர், "ராவில் எடுக்காதவன் தொழிலுக்கே வரக் கூடாது" என்று சொல்லியிருக்கிறார். தென்காசியில் ஆல்பம் போடும் இடத்திலோ, "ஜேபெக் போதும், ராவைக் கொண்டுவந்து எங்களைத் தவிக்க விடாதீர்கள்" என்கிறார்களாம். ரா என்பது கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு; ஜேபெக் என்பது கேமராவே படமாக்கிச் சுருக்கித் தரும் கோப்பு. ஆவணியில் கல்யாண வேலை வரிசையாக இருக்கிறது, யார் பேச்சைக் கேட்பது அண்ணா என்கிறார். இதுவரை எடுத்த ஜேபெக் படங்களை ராவாக மாற்றிக்கொள்ள முடியுமா என்பது அவருடைய இரண்டாவது கேள்வி.

தம்பி, முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணம் பிறகு. தாலி கட்டும் நேரம், விளக்கொளி, வெயிலில் கசவுப் புடவை, மழைக்கால மலை ஆகியவற்றுக்கு ரா. ஒளி மாறாத மேடையில் ஆட்கள் வரிசையாக வந்து நிற்கும் வரவேற்பு, பாஸ்போர்ட் படம், ஒரு மணி நேரத்தில் போய்ச் சேர வேண்டிய செய்திப் படம் ஆகியவற்றுக்கு ஜேபெக். ஆவணிக் கல்யாணங்களுக்கு இரண்டையும் சேர்த்தே எடுங்கள். உங்களுக்கு அறிவுரை சொன்ன இருவரும் அவரவர் வேலைக்குச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். புனலூர்க்காரர் ஒளியோடு மல்லுக்கட்டுகிறவர். தென்காசிக்காரர் முடிந்த படத்தை வாங்கி அச்சடிக்கிறவர். அச்சுக்கூடத்துக்கு ராவைக் கொண்டுபோனால் அவர்கள் தவிப்பது நியாயம்தான். ராவைப் படமாக்கித் தருவது நம் வேலை, அவர்கள் வேலை இல்லை.

கேமராவுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துவிட்டால் இந்தச் சண்டை பாதி அடங்கிவிடும். கேமராவுக்குள் ஒளியை வாங்கும் தகடான சென்சாரில் இருக்கும் ஒவ்வொரு புள்ளியும் ஒளியின் அளவை மட்டுமே அறியும். நிறம் அதற்குத் தெரியாது. நிறத்தைப் பிரித்தறிவதற்காக ஒவ்வொரு புள்ளியின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒரு வடிகட்டியைப் பதித்திருக்கிறார்கள். கோடாக் நிறுவனத்தில் இருந்த பிரைஸ் பேயர் உருவாக்கிய அமைப்பு இது. 1976-இல் காப்புரிமை கிடைத்தது. இன்றைக்கும் பெரும்பாலான கேமராக்கள் அதையே பின்பற்றுகின்றன. பாதிப் புள்ளிகள் பச்சை, கால் பங்கு சிவப்பு, கால் பங்கு நீலம். ரா கோப்பில் இருப்பது இந்த அளவுகள் மட்டுமே. அதை அப்படியே திரையில் போட்டால் பச்சை தூக்கலான, இருண்ட, தட்டையான ஒன்றுதான் தெரியும். யாருக்கும் பார்க்கப் பிடிக்காது.

அதைப் படமாக்க யாராவது சில முடிவுகளை எடுத்தாக வேண்டும். எது வெள்ளை? நிழலை எவ்வளவு தூக்குவது? சிவப்பை எவ்வளவு அழுத்தமாகக் காட்டுவது? எங்கே கூர்மையாக்குவது, எங்கே மழமழவென்று ஆக்குவது? ஜேபெக்கில் எடுத்தால் இத்தனையையும் கேமராவே கண்ணிமைக்கும் நேரத்தில் முடிவு செய்து, வேண்டாதது என்று தான் நினைத்ததைக் கழித்துவிட்டு, மீதியைச் சுருக்கிப் பதிகிறது. கழித்தது போனது போனதுதான். ராவில் எடுத்தால் அந்த முடிவுகளை நீங்கள் வீட்டுக்கு வந்து, கணினி முன்னால் உட்கார்ந்து எடுக்கிறீர்கள். நாளைக்கு மனம் மாறினால் மாற்றிக்கொள்ளலாம். என் பார்வையில் இந்தக் கேள்வி முழுவதும் இதில்தான் அடங்கியிருக்கிறது: இந்த ஒளியைக் கேமரா சரியாகப் புரிந்துகொள்ளும் என்று நம்புகிறீர்களா, இல்லையா? நம்பலாம் என்றால் ஜேபெக். நம்ப முடியாது, அந்தக் கணம் திரும்பியும் வராது என்றால் ரா.

எண்களில் சொன்னால், ஜேபெக் ஒவ்வொரு நிறத்துக்கும் 8 பிட், அதாவது 256 படிகள். ரா 12 பிட் என்றால் 4096 படிகள், 14 பிட் என்றால் 16384. இந்த இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்தி "64 மடங்கு தரம்" என்று சிலர் சொல்வதை நம்பாதீர்கள். ரா ஒளியை நேர்விகிதத்தில் எண்ணுகிறது. ஒளி பாதியாகக் குறைவதை ஒரு ஸ்டாப் என்கிறோம் அல்லவா? 14 பிட் ராவில் ஆகப் பிரகாசமான ஒரு ஸ்டாப்புக்கு மட்டும் 8192 படிகள் போய்விடும். அடுத்ததற்கு 4096, அதற்கடுத்து 2048 என்று குறைந்துகொண்டே வரும். ஜேபெக்கோ நம் கண்ணுக்குத் தோதாக வளைத்த ஒரு கோட்டின்படி தன் 256 படிகளைப் பங்கிட்டு வைத்திருக்கிறது. அதனால், சரியான ஒளியில் எடுத்த நல்ல ஜேபெக்கையும் அதே படத்தின் ராவிலிருந்து செய்த பிரிண்ட்டையும் 12க்கு 18 அங்குல அளவில் பக்கத்தில் வைத்தால் பெரும்பாலானோருக்கு வித்தியாசம் தெரியாது. வித்தியாசம் தெரிவது படத்தை இழுக்கும்போதுதான். இருட்டில் இருக்கும் முகத்தை இரண்டு ஸ்டாப் தூக்குங்கள், வெளிறிய வானத்தை இறக்குங்கள். ஜேபெக்கில் வானம் பட்டை பட்டையாகப் பிரியும், முகம் மெழுகு பூசினாற்போல ஆகும். ரா தாங்கும்.

சுருக்குதல் என்ற சொல்லைக் கேட்டதும் பலர் முகம் சுளிக்கிறார்கள். அது வியக்க வேண்டிய வேலை. ஜேபெக் தரநிலை வந்தது 1992-இல். அதன் இதயமாக இருக்கும் கணித முறையை 1974-இல் வெளியிட்ட மூவர் நாசிர் அகமது, நடராஜன், கே. ஆர். ராவ். நாசிர் அகமது பெங்களூரில் பிறந்தவர். உலகம் முழுவதும் கைக்குக் கை மாறும் படங்களுக்கு அடியில் நம் பக்கத்து மூளைகளின் உழைப்பு இருக்கிறது என்பது எனக்குப் பெருமையான செய்தி. அந்த முறை படத்தை 8க்கு 8 புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் கண்ணுக்கு எளிதில் தெரியாத நுண்ணிய மாற்றங்களைத் தோராயமாக்கிவிடுகிறது. கண் ஒளியைக் கவனிக்கிற அளவுக்கு நிறத்தைக் கவனிப்பதில்லை என்பதால், நிறத்தகவலைப் பல சமயம் பாதியாகவோ கால் பங்காகவோ குறைத்தும் வைக்கிறது.

இது எங்கே கடிக்கும் என்று பார்க்க வேண்டுமா? உங்கள் பழைய ஜேபெக் ஒன்றில், அரக்குச் சிவப்புப் பட்டும் பச்சைக் கரையும் சேரும் இடத்தை 300 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். சிவப்பு ஓரிரு புள்ளிகள் பச்சைக்குள் கசிந்திருக்கும். நெற்றிக் குங்குமத்தின் விளிம்பிலும் அப்படியே. ஆல்பத்தில் இது தெரியாது. ஆறடி பேனர் போட்டால், அதுவும் சில முறை திறந்து திருத்திச் சேமித்த கோப்பாக இருந்தால், தெரியும். திருத்தி மறுபடி ஜேபெக்காகச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் இழப்பு கூடுகிறது. வெறுமனே திறந்து பார்ப்பதாலோ நகல் எடுப்பதாலோ எதுவும் குறையாது. அந்தப் பயம் வேண்டாம்.

இப்போது நம் ஊர் ஒளிக்கு வருவோம். இரண்டு மாநிலக் கல்யாணத்தையும் எடுக்கிற நமக்கு, ஒரு பக்கத்தில் கற்றது மறுபக்கத்தில் கைகொடுப்பதில்லை. புனலூர்ப் பக்கத்துக் கல்யாணத்தில் மணமகள் கசவு உடுத்தி நிற்கிறாள். சந்தன வெள்ளைத் துணி, அதில் பொன் சரிகை. முற்பகல் பதினொரு மணி. பந்தலின் ஓரத்தில் அவள் தோளில் மட்டும் வெயில் விழுகிறது, முகம் நிழலில் இருக்கிறது. முகத்துக்கு ஒளி வைத்தால் தோள் போயிற்று. அந்த ஜேபெக்கில் தோளைப் பெரிதாக்கினால் மூன்று நிறமும் உச்ச எண்ணான 255-இல் முட்டி நிற்கும். வெறும் வெள்ளைத் தாள். நெசவும் இல்லை, மடிப்பும் இல்லை, சரிகை மஞ்சள் கோடாக மட்டும் மிஞ்சும். அதே கணத்தின் ராவைத் திறந்து பிரகாசப் பகுதியை இறக்கினால், மடிப்பின் நிழல் முதலில் வரும். பிறகு இழை ஓட்டம் தெரியும். சரிகையில் பொன் இழைக்கும் துணிக்கும் இடையில் இருக்கும் அந்த நெருடல்கூட வந்துவிடும். ஜேபெக் முடிந்துபோனது என்று கைவிட்ட இடத்துக்கு மேலேயும், கேமராவைப் பொறுத்து அரை ஸ்டாப்பிலிருந்து ஒரு ஸ்டாப்புக்குச் சற்று அதிகமாகவும் ரா வைத்திருக்கும். அந்த ஒரு ஸ்டாப்பில்தான் கசவு இருக்கிறது. புடவையைப் பார்த்துப் பார்த்து எடுத்த அம்மாவுக்கு, ஆல்பத்தில் அந்த நெசவு தெரிய வேண்டும்.

நம் பக்க மண்டபத்தில் சிக்கல் வேறு. ஓமப் புகை, மேலே குழல்விளக்கு, எதிரே வீடியோக்காரரின் எல்இடி, பக்கவாட்டில் சன்னல் வெளிச்சம், மேடைக்குப் பின்னால் ஊதா நிற அலங்கார விளக்கு. இத்தனை நிற ஒளி ஒரே முகத்தில் விழும்போது எது வெள்ளை என்று கேமரா தானே கணிக்கும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் படத்துக்குப் படம் தடுமாறும். கெட்டிமேளம் கொட்டும் அந்தச் சில நொடிகளில் நீங்கள் ஒயிட் பேலன்ஸைத் திருகிக்கொண்டிருக்க முடியாது. ராவில் ஒயிட் பேலன்ஸ் என்பது ஓரத்தில் எழுதிவைத்த ஒரு குறிப்பு மட்டுமே. பிறகு எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், தரம் குறையாது. முகத்துக்கு ஓர் அளவு, பின்னணிக்கு வேறோர் அளவு என்று பிரித்தும் வைக்கலாம். சிவப்புப் பட்டின் மேல் எல்இடி அடிக்கும்போது சிவப்பு மட்டும் முதலில் முட்டிப் போகும். பட்டு ஒரே செங்கட்டியாகத் தெரியும். ஜேபெக்கில் அதை மீட்க வழியே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நிலவிளக்கு ஏற்றிய கேரள முற்றமும் அப்படித்தான். எண்ணெய்த் திரியின் ஒளி, ஒளியின் நிறத்தை அளக்கும் கெல்வின் கணக்கில் ஏறத்தாழ 1900, 2000-இல் இருக்கிறது. பல கேமராக்களின் ஆட்டோ 3000-க்குக் கீழே இறங்குவதில்லை. அதனால் எல்லா முகமும் மஞ்சள்காமாலை கண்டாற்போல வரும். ஜேபெக்கில் அந்த மஞ்சளை எடுக்கப் போனால் நீல நிறத்தில் தகவலே இருக்காது. தோல் சாம்பல் பூத்துவிடும். டிசம்பரில் ஆரியங்காவில் நடக்கும் ஐயன் திருக்கல்யாணத்துக்கு மதுரைச் சௌராஷ்டிரர்கள் பெண் வீட்டாராக வருவார்களே, அந்தக் கூட்டத்தைக் கோயில் அனுமதிக்கும் இடத்தில் நின்று எடுக்க வாய்ப்புக் கிடைத்தால் ராவைத் தவிர வேறு எதையும் நினைக்காதீர்கள். மஞ்சளை முழுவதும் எடுத்துவிடவும் வேண்டாம். விளக்கொளியில் எடுத்த படம் விளக்கொளியில் எடுத்ததாகவே தெரிய வேண்டும். எவ்வளவு மஞ்சள் மிஞ்ச வேண்டும் என்பது அங்கே நின்ற உங்களுக்குத் தெரியும், கேமராவுக்குத் தெரியாது.

இயற்கைப் படத்துக்கு ஒரே ஓர் எடுத்துக்காட்டு. ஆடியில் சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூக்கும்போது மலையைத் தாண்டிக் காரில் வந்து படமெடுத்துப் போகிறார்கள். பெரும்பாலானவர்களின் படத்தில் பூ, மஞ்சள் பெயிண்ட் கொட்டியதுபோல இருக்கும். அடர் மஞ்சளில் சிவப்பு உச்சத்தில் முட்டுகிறது, நீலம் பூச்சியத்தில் முட்டுகிறது. கேமராவில் நிறத்தைத் தூக்கலாகக் காட்டும் 'விவிட்' என்ற அமைப்பை வைத்திருந்தால் இன்னும் மோசம். இதழின் நீளவாக்கில் ஓடும் நரம்புகளும், அடிப்பக்கத்தில் மஞ்சள் ஆரஞ்சாக மாறும் இடமும் அப்படியே காணாமல் போகின்றன. ராவில் எடுத்து நிற அடர்த்தியைச் சற்று இறக்கினால் நரம்பு நரம்பாக எண்ணலாம். குற்றாலத்தில் கரும்பாறை மேல் விழும் வெள்ளைத் தண்ணீர், 1904-இல் திறந்த கொல்லம் ரயில் பாதையில் கழுதுருட்டிப் பதின்மூன்று கண் பாலத்தின் இருண்ட கல் வளைவுகளும் மேலே வெளிறிய வானமும் எல்லாம் இதே சங்கதிதான். சாரல் நேரத்து மலை ஒளி, எந்த ஆட்டோவுக்கும் பிடிபடாத ஒளி.

இவ்வளவு சொன்னதால், ரா எல்லாவற்றையும் காப்பாற்றிவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. இளைஞர்கள் பலர் இந்த நம்பிக்கையில் கெட்டுப்போவதைப் பார்க்கிறேன். போகஸ் தப்பினால் ரா காப்பாற்றாது. கை ஆடினால் காப்பாற்றாது. மூன்று நிறமும் சென்சாரிலேயே நிரம்பி வழிந்துவிட்டால் அங்கே மீட்க எதுவும் இல்லை. மறுபக்கம், "இருட்டாக எடுத்துக்கொள்வோம், ராவில் தூக்கிக்கொள்ளலாம்" என்று நான்கு ஸ்டாப் குறைத்து எடுப்பதும் தவறு. நிழலில் படிகளும் குறைவு, நாய்ஸும் அதிகம்; தூக்கத் தூக்கப் புள்ளிப்புள்ளியாக மேலே வரும். ராவிலும் ஒளி அளவு சரியாக இருக்க வேண்டும். வெள்ளை முட்டாத வரை எவ்வளவு வெளிச்சமாக எடுக்க முடியுமோ அவ்வளவு வெளிச்சமாக எடுப்பதே நல்லது.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. கேமராவின் பின்திரையில் நீங்கள் பார்க்கும் படமும், வெளிச்ச அளவைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடமும் ராவிலிருந்து வருபவை அல்ல; ரா கோப்புக்குள் கேமரா பொதிந்து வைக்கும் சிறு ஜேபெக்கிலிருந்து வருபவை. 'விவிட்' வைத்திருந்தால் ஹிஸ்டோகிராம் முட்டியதாகக் காட்டும். ராவிலோ இடம் மிச்சம் இருக்கும். பயந்து ஒளியைக் குறைப்பீர்கள், நிழல் கெடும். அதனால் ராவில் எடுக்கும்போது பட அமைப்பை 'நியூட்ரல்' என்று வைத்துக்கொள்ளுங்கள். திரையில் படம் கொஞ்சம் சப்பென்று தெரியும். ஆனால் கணக்கு உண்மைக்கு நெருக்கமாக இருக்கும்.

செலவுக் கணக்கையும் பார்த்துவிடலாம். 24 மெகாபிக்சல், 14 பிட் என்றால் சுருக்காத ரா ஒன்று 42 எம்பி வரும். இழப்பின்றிச் சுருக்கினால் உத்தேசமாக 25 முதல் 30 எம்பி. நல்ல தர ஜேபெக் 8 முதல் 12 எம்பி. ஒரு கல்யாணத்துக்கு 2000 படம் என்று வையுங்கள்: இழப்பின்றிச் சுருக்கிய ரா மட்டும் 50 முதல் 60 ஜிபி வரும், ஜேபெக் 16 முதல் 24 ஜிபியில் முடியும். இரண்டு நகல் வைக்க வேண்டும் என்பதால் இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள். ஹார்டு டிஸ்க் விலையைக் கல்யாண ரேட்டில் சேர்க்காமல் ராவுக்குப் போகாதீர்கள். கணினியும் ஓரளவு வேகமானதாக வேண்டும். எல்லாவற்றையும்விட, உட்காரும் நேரம் வேண்டும். ஒரு கல்யாணத்தின் ராவைச் சலித்து, திருத்தி எடுக்க முழுதாக ஓரிரு நாட்கள் போகும். முகூர்த்த மாதத்தில் அந்த நாட்கள் உங்களிடம் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வேகமும் இருக்கிறது. தொடர்ந்து எடுக்கும்போது கேமராவின் உள்நினைவகம் ராவில் சீக்கிரம் நிரம்பிவிடும். அப்புறம் கார்டில் எழுதி முடிக்கும் வரை மந்தமாகிவிடும். தாலி முடிச்சு விழும்போது கேமரா திணறி நின்றால் யாரிடம் போய்ச் சொல்வது? மணமகன் கை மாலைக்கு உள்ளே போகும்போதே விரலை அழுத்திப் பிடித்துக்கொள்ளாமல், மூன்று நான்காகச் சிறுசிறு தொடராக எடுங்கள். வேகமான கார்டு வாங்குங்கள். ஆனால் உங்கள் கேமரா எந்த வேகம் வரை ஏற்கும் என்று கையேட்டில் பார்த்துவிட்டு வாங்குங்கள், இல்லையென்றால் காசுதான் வீண்.

ராவிலேயே சுருக்குதலும் உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கேமரா மெனுவில் சுருக்காதது, இழப்பின்றிச் சுருக்கியது, இழப்போடு சுருக்கியது என்று மூன்று வகை இருக்கலாம். நடுவில் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். இடம் மிச்சமாகும், ஒரு தகவலும் போகாது. இழப்போடு சுருக்கிய ராவும் மோசமில்லை; பெரும்பாலான கல்யாணப் படங்களில் வித்தியாசம் தெரியாது. இருண்ட வானத்தில் நட்சத்திரம் போன்ற கூர்மையான வெளிச்ச விளிம்புகளை இழுத்துத் திருத்தும்போதுதான் தடுமாறும். சில கேமராக்கள் வேகத் தொடரிலோ சத்தமில்லாத ஷட்டரிலோ தாமாகவே 14 பிட்டிலிருந்து 12 பிட்டுக்கு இறங்கிவிடும். அதையும் கையேட்டில் பாருங்கள்.

ஜேபெக்கைத் தாழ்வாகப் பேசுகிறவர்களுக்கு ஒரு செய்தி. 2015 நவம்பரில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம், தனக்குப் படம் தரும் சுயேச்சைப் படக்காரர்கள் ராவிலிருந்து உருவாக்கிய படங்களை அனுப்பக் கூடாது, கேமராவிலேயே ஜேபெக்காக எடுத்தவற்றை மட்டுமே அனுப்ப வேண்டும் என்று சொன்னது. வேகமும் வேண்டும், படத்தில் அதிகம் கைவைத்திருக்கவும் கூடாது என்பது அவர்கள் காரணம். அதே சமயம் வேர்ல்டு பிரஸ் போட்டோ போன்ற போட்டிகள், இறுதிச் சுற்றுக்கு வந்தவர்களிடம் மூலக் கோப்பைக் கேட்டு வாங்கிச் சரிபார்க்கின்றன. இரண்டுக்கும் நியாயம் இருக்கிறது. குற்றாலத்தில் வெள்ளம் வந்த அன்று பத்திரிகைக்குப் படம் அனுப்புகிறவர் ஜேபெக்கில் எடுத்து அனுப்பட்டும். காட்டில் யானையை எடுத்துப் போட்டிக்கு அனுப்ப நினைப்பவர் ராவைக் கட்டாயம் வைத்துக்கொள்ளட்டும். படம் தன்னுடையது என்று நிறுவவும் ரா கோப்பு பெரிய துணை.

செல்போனுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆண்ட்ராய்டு 5.0 வந்த 2014 முதலே போனில் டிஎன்ஜி என்ற பொது வடிவத்தில் ரா எடுக்க வழி இருக்கிறது. ஆனால் போனின் சாதாரண படம், அடுத்தடுத்து எடுத்த பல படங்களை ஒன்றாக்கிச் செய்தது. ஒற்றைப் படத்து ராவில் அந்த வேலை இருக்காது. இருட்டில் போனின் ஜேபெக்கே ராவைவிட நன்றாக இருப்பது இதனால்தான். 2020-இல் ஐபோன் 12 புரோவில் வந்த புரோரா, பல படங்களைச் சேர்த்த பிறகும் ராவுக்குரிய தாராளத்தை விட்டுவைக்கும் ஏற்பாடு. ஹைஃப் என்ற புதிய சுருக்கு வடிவமும் இருக்கிறது. 8 பிட்டைத் தாண்டி 10 பிட்டிலும் பதியலாம், இடமும் குறைவு. நல்ல வடிவம்தான். ஆனால் ஆல்பம் போடுகிற இடம் அதைத் திறக்குமா என்று கேட்டுக்கொண்டு எடுங்கள்.

ராவைத் திருத்த மாதச் சந்தா கட்டித்தான் ஆக வேண்டும் என்றில்லை. டார்க்டேபிள், ராதெரபி இரண்டும் இலவசம், இரண்டும் உறுதியான மென்பொருள்கள். கேனான், நிக்கான் நிறுவனங்கள் தங்கள் கேமராவுக்கான மென்பொருளை இலவசமாகவே தருகின்றன. கேமராவின் நிறத்தை அச்சு அசலாக எடுத்துத் தருபவை அவைதான். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு தனி ரா வடிவம்: கேனானுக்கு சிஆர்3, நிக்கானுக்கு என்இஎஃப், சோனிக்கு ஏஆர்டபிள்யூ. கேமரா புதிதாக இருந்தால் பழைய மென்பொருள் அதைத் திறக்காது. அடோபி 2004-இல் கொண்டுவந்த டிஎன்ஜி பொது வடிவத்துக்கு மாற்றிக்கொள்வது அதற்கு ஒரு வழி. நான் மூல வடிவத்தையே வைத்துக்கொள்வதை விரும்புகிறேன்; ஒரு படி குறைவு, குழப்பமும் குறைவு.

ஆவணிக்கு நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கேமராவில் இரண்டு கார்டு போட இடம் இருந்தால் ஒன்றில் ரா, மற்றொன்றில் ஜேபெக். ஒரு கார்டு செயலிழந்தாலும் கல்யாணம் உங்கள் கையில் இருக்கும். ஓர் இடம்தான் என்றால் இரண்டையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள், கூடுதலாக ஒரு கார்டு பையில் இருக்கட்டும். மாலை வரவேற்பில் மேடை விளக்கு மாறாது என்றால், ஒரு வெள்ளைத் தாளைக் காட்டி ஒயிட் பேலன்ஸைக் கையால் வைத்துவிட்டு, ஜேபெக் மட்டும் எடுங்கள். நூறு குடும்பம் அதே இடத்தில், அதே ஒளியில் வந்து நிற்பதற்கு நூறு ரா தேவையில்லை. கல்யாண வீட்டார் அன்றிரவே பத்துப் படம் கேட்பார்கள். ஜேபெக் கார்டிலிருந்து கொடுத்துவிடலாம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது மறுபடியும் சுருக்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்புங்கள், உள்ளது உள்ளபடி போகும்.

யாராவது "எல்லா ராவையும் கொடுத்துவிடுங்கள்" என்று கேட்டால், பேசும்போதே தெளிவாக மறுத்துவிடுங்கள். அவர்கள் வீட்டுக் கணினியில் அது திறக்காது. திறந்தாலும் வேறு யாரோ கண்டபடி நிறம் ஏற்றி, உங்கள் பெயரில் உலவவிடுவார்கள். கொடுப்பது எப்போதும் முழு அளவு ஜேபெக். ஆல்பம் கைக்குப் போய்ச் சேரும் வரை எல்லா ராவும் இரண்டு டிஸ்கில் இருக்கட்டும். அதன்பின் ஆல்பத்தில் ஏறிய படங்களின் ராவை மட்டும் நிலையாக வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கலாம். இத்தனை நாள் வைத்திருப்பேன் என்று ரசீதிலேயே எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பழைய ஜேபெக்கை ராவாக மாற்ற முடியாது, தம்பி. ஜேபெக்கை டிஎன்ஜி உறைக்குள் போட்டுத் தரும் மென்பொருள்கள் உண்டு. உறை மாறுமே தவிர, கேமரா கழித்தது திரும்பி வராது. அந்தப் படங்களைத் திருத்த வேண்டுமானால், முதலில், சேமிக்கும்போது தரம் குறையாத 16 பிட் டிஃப் கோப்பாகச் சேமித்துக்கொண்டு, எல்லா வேலையையும் அதில் முடித்துவிட்டு, கடைசியில் ஒரே ஒரு முறை ஜேபெக்காக எடுங்கள். புதிய தகவல் எதுவும் சேராது. ஆனால் திருத்தத் திருத்த இருப்பது கெடுவது நிற்கும். நாய்ஸ் நீக்கும் புதிய மென்பொருள்கள் ஜேபெக்கிலும் ஓரளவு உதவுகின்றன. மூலக் கோப்பின் மேல் மட்டும் எதையும் சேமித்துவிடாதீர்கள்; அதை வேறொரு கோப்புறையில், கைபடாமல் வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.